விருந்துக்குப் போன இடத்தில் விழுந்தால் பொறுப்பு யாருடையது?

பொங்கோல்_மீனா | செவ்வாய், இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம். சட்டம் தெரிந்தவர்கள், கட்டட நிர்வாகத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் வழிகாட்டுங்கள்.

என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. போன மாதம் என் கணவரின் சித்தப்பா மகன் வீட்டில் குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா. அவர்கள் இருப்பது கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் விழா அறையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாப்பாடு கேட்டரிங். அறையிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியில் பளபளப்பான டைல்ஸ் பதித்த ஒரு சரிவு உண்டு. கைப்பிடி கிடையாது. மழை பெய்து ஓய்ந்த நேரம், சாரலில் தரை ஈரமாகிவிட்டது. அத்தை அங்கே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள்.

"நான்தான் பார்த்து நடந்திருக்கணும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருக்கிறார். மைத்துனரோ தன் வீட்டு விசேஷத்தில் நடந்ததால் மொத்தச் செலவையும் தானே தருகிறேன் என்கிறார். நிர்வாக அலுவலகத்தில் கேட்டதற்கு, "அறையை எடுத்தவர்தான் பொறுப்பு, படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். உறவுக்குள் மனக்கசப்பு வரக் கூடாது. ஆனால் அந்தச் சரிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

---

உட்லண்ட்ஸ்_ராதா | செவ்வாய், இரவு 10.15

மீனா, அத்தை சீக்கிரம் குணமாகட்டும். நம் பெரியவர்கள் பலரும் இப்படித்தான். விழுந்த வலியைவிட நாலு பேர் பார்த்துவிட்டார்களே என்ற வெட்கம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவார்கள். அங்கேயே நின்று ஒரு படம் எடுக்கக்கூட யாருக்கும் தோன்றாது. படம் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த மழைக்கு யாரையாவது அனுப்பி எடுங்கள்.

---

தேக்கா_மளிகை | புதன், காலை 7.05

சகோதரி, அத்தைக்காக வருந்துகிறேன். ஆனால் கடை நடத்துகிறவன் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் குடையோடு உள்ளே வருகிறார். துடைத்த இடம் அடுத்த நிமிடமே ஈரம். மீன் வாங்கிய பை ஒழுகும், எண்ணெய் பாக்கெட் உடையும். விழுகிற ஒவ்வொருவருக்கும் கடைக்காரர்தான் பணம் கொடுக்க வேண்டும் என்றால் சின்னக் கடைகள் தாங்காது. சட்டம் அப்படித்தான் இருக்கிறதா?

---

கோப்புக்காரன் | புதன், பகல் 12.30

நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் நிறுவனத்தில் விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் வேலை. இரண்டு பேருடைய கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அண்ணன் பயப்படுவதுபோல் சட்டம் இல்லை. ஒருவர் விழுந்துவிட்டார் என்பதற்காக மட்டும் இடத்தை வைத்திருப்பவர் பணம் கட்ட வேண்டியதில்லை. "அந்த இடத்தை யார் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், வருகிறவர்களுக்குக் காயம் படாமல் இருக்க நியாயமான கவனம் எடுத்தாரா?" என்றுதான் நீதிமன்றம் கேட்கும். அதே சமயம் நிர்வாக அலுவலகம் சொன்னதுபோல் ஒரு கையெழுத்தோடு முடிகிற விஷயமும் இல்லை.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1957-இல் ஒரு சட்டம் வந்தது, அத்துமீறி நுழைபவர்கள் பற்றி 1984-இல் இன்னொன்று. சிங்கப்பூரில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாகத்தான் இங்கே இது வளர்ந்தது. பழைய விதிப்படி வருகிறவர் எந்த வகை என்று முதலில் பார்ப்பார்கள். வியாபாரத்துக்காக வந்தவருக்கு அதிகக் கவனம், வெறும் அனுமதியில் வந்த விருந்தாளிக்கு அதைவிடக் குறைவு, அத்துமீறி வந்தவருக்கு மிகக் குறைவு. அந்தக் கணக்கில், கடைக்குப் பொருள் வாங்கப் போன உங்கள் அத்தையைவிட விழாவுக்குப் போன அதே அத்தைக்குப் பாதுகாப்புக் குறைவு! மணிக்கட்டு ஒன்றுதான், தரையும் ஒன்றுதான்.

இந்தப் பிரிவினையை நமது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல், ஃபெரோசிமென்ட் நிறுவனம் ஒன்றுக்கு எதிரான வழக்கில், எடுத்துவிட்டது. இடத்துக்குப் பொறுப்பானவரின் கடமையும் பொதுவான கவனக்குறைவுச் சட்டத்துக்குள்ளேயே அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. அதனால் 2007-இல் ஸ்பான்டெக் வழக்கில் வகுத்த சோதனைதான் இதற்கும். பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே ஊகிக்க முடிந்ததா, இருவருக்கும் இடையே போதிய நெருக்கம் இருந்ததா, கடமையை மறுக்க ஏதாவது பொதுநலக் காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். முறையாக உள்ளே வந்தவர் என்றால், இடத்தைக் கட்டுப்படுத்துபவருக்கு அவர்மீது கடமை அநேகமாகத் தானாகவே வந்துவிடும். விருந்தாளி, வாடிக்கையாளர், பொட்டலம் கொண்டுவருபவர் எல்லாரும் இதில் ஒன்றுதான்.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1987-இலேயே இந்த வழிக்கு வந்துவிட்டது. அதுவும் ஒரு மழைநாள் வழக்கு. சேஃப்வே பேரங்காடியின் நுழைவாயிலில் ஈரத் தரையில் ஒரு பெண் வழுக்கி விழுந்தார். நம் சூழலுக்கு அவ்வளவு பொருத்தமான வழக்கு.

கடமை இருப்பதைக் காட்டுவது எளிது. அது மீறப்பட்டதைக் காட்டுவதுதான் கஷ்டம், நிரூபிக்கும் சுமையும் விழுந்தவர் தலையில்தான். ஆபத்து எவ்வளவு வெளிப்படையானது, எவ்வளவு நேரமாக இருந்தது, முன்பு யாராவது விழுந்தார்களா, சரிசெய்ய எவ்வளவு செலவாகும், வருகிறவர்கள் யார் என்பதையெல்லாம் எடைபோடுவார்கள். இங்கிலாந்தின் டெஸ்கோ வழக்கில் (1976) தரையில் சிந்திய தயிரில் ஒருவர் வழுக்கினார். கடை சரியாக நடந்திருந்தால் வழக்கமாக நடக்காத விபத்து இது, அதனால் தான் எடுத்த கவனத்தைக் கடைதான் விளக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கடையால் போதிய விளக்கம் தர முடியவில்லை.

அண்ணன், உங்களுக்கு ஆறுதல் இதிலேயே இருக்கிறது. எந்த நேரத்தில் துடைத்தோம், மிதியடி போட்டோம், சிந்தியதும் யாரைக் கூப்பிட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிற கடை, உண்மையாகவே துடைத்தும் இருந்தால், நல்ல நிலையில் இருக்கிறது.

---

கட்டட_மேலாளர் | புதன், மாலை 6.20

கொண்டோ நிர்வாகத்தில் பல வருடம் இருக்கிறேன். மீனா சொன்ன பதிலை அந்த அலுவலகம் தந்திருக்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறேன்.

விழா அறைக்கு வெளியே இருக்கும் நடைபாதையும் சரிவும் பொதுச் சொத்து. 2004-ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தை நல்ல நிலையில் பராமரிப்பது எம்சிஎஸ்டியின், அதாவது வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த நிர்வாகக் கழகத்தின், கடமை. ஒரு நாளைக்கு அறையை வாடகைக்கு எடுத்தவர் டைல்ஸை மாற்ற முடியாது, கைப்பிடி பொருத்த முடியாது. அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் கேள்வி போக வேண்டும். அறைக்குள்ளே பாயசம் சிந்தியிருந்தால் கதை வேறு. கேட்டரிங் ஆட்கள், விழா நடத்தியவர் என்று பங்கு பிரியும். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பொறுப்பாக இருக்க முடியும்.

மழை படும் சரிவில் பளபளப்பான டைல்ஸ் என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. தரை வழுக்கும் தன்மையைச் சோதித்து வகைப்படுத்த எஸ்எஸ் 485 என்ற சிங்கப்பூர்த் தரநிலையே இருக்கிறது. ஆய்வகத்திலிருந்து ஆளை வரவழைத்து அந்த இடத்திலேயே சோதிக்கலாம். சக்கர நாற்காலி போகும் சரிவுப்பாதை 1:12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது, கைப்பிடி வேண்டும் என்பதெல்லாம் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அணுகல் விதித்தொகுப்பில் உள்ளது. பழைய கட்டடத்துக்கு அப்படியே பொருந்துமா என்பது அது எப்போது கட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆனால் வழுக்காத பட்டை ஒட்டுவதற்கு எந்த விதித்தொகுப்பும் தேவையில்லை. பத்து நிமிட வேலை, செலவும் அதிகமில்லை.

மீனா, நாளைக்கே இதைச் செய்யுங்கள். அன்றைய சம்பவ அறிக்கையின் நகலையும் கேமரா பதிவையும் எழுத்தில், மின்னஞ்சலில் கேளுங்கள். பல கட்டடங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாகவே ஏறிவிடும். அத்தை தெரியும் பதிவு அவருடைய தனிப்பட்ட தகவல், அதனால் 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மற்றவர்கள் முகத்தை மறைத்துத் தருவார்கள், சின்னக் கட்டணம் கேட்கலாம். "அழிக்காமல் வையுங்கள்" என்ற வரி அந்தக் கடிதத்தில் கட்டாயம் இருக்கட்டும்.

---

பொங்கோல்_மீனா | புதன், இரவு 9.10

அண்ணன், மிக்க நன்றி. மின்னஞ்சல் இன்று இரவே அனுப்பிவிட்டேன். மைத்துனர் படிவத்தையும் அனுப்பினார். "விருந்தினருக்கு ஏற்படும் எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி. "எல்லாக் கோரிக்கைகளையும் வாடகைக்கு எடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும்" என்று இன்னொரு வரி. இந்த இரண்டாவது வரிதான் பயமாக இருக்கிறது. நாங்கள் எம்சிஎஸ்டியைக் கேட்டால் அவர்கள் மைத்துனரை இழுப்பார்களா?

---

கோப்புக்காரன் | புதன், இரவு 11.25

முதல் வரிக்குப் பெரிய பலம் இல்லை. இங்கிலாந்தின் 1977-ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் சிங்கப்பூரிலும் நடப்பில் இருக்கிறது. வியாபார முறையில் நடக்கும் இடத்தில், கவனக்குறைவால் வரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலோ அறிவிப்புப் பலகையிலோ எழுதித் தப்ப முடியாது. பொருள் சேதம் என்றால் அந்த வரி நியாயமானதா என்று பார்ப்பார்கள். எம்சிஎஸ்டி அறையை வாடகைக்கு விடுவது வியாபாரமா என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். அது இருக்கட்டும், அத்தை அந்தப் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மைத்துனர் போட்ட கையெழுத்து அத்தையின் உரிமையை எப்படி எடுத்துவிடும்?

இரண்டாவது வரியை நீங்கள் கவனித்தது நல்லது. ஆமாம், எம்சிஎஸ்டி மைத்துனரை மூன்றாம் தரப்பாக வழக்கில் சேர்க்க முயலலாம். தங்கள் கவனக்குறைவுக்கே ஒரு சாதாரண வாடிக்கையாளரை ஈடுசெய்யச் சொல்லும் வரி நியாயமானதாக இருந்தால்தான் செல்லும் என்பதும் அதே 1977 சட்டத்தில் இருக்கிறது. தாங்கள் பராமரிக்க வேண்டிய சரிவுக்கு ஒரு நாள் வாடகைக்காரர் பணம் கட்டுவது நியாயம் என்று வாதாடுவது கடினம். மைத்துனருக்கு வீட்டுப் பொருள் காப்புறுதி இருந்தால் அதில் மூன்றாம் தரப்புப் பொறுப்புக்கான பகுதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எம்சிஎஸ்டி பக்கமும் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனம்தான் பேசும். அதனால் இதை உறவுக்குள் நடக்கும் வழக்காக யாரும் நினைக்க வேண்டாம். மைத்துனர் அன்பில் கொடுக்கும் பணத்தை வாங்குவது உங்கள் குடும்ப விஷயம். ஆனால் அதனால் எம்சிஎஸ்டியின் கடமை தீர்ந்துவிடாது.

அத்தை சொல்வதில் சட்டத்துக்கு எடுபடும் ஒரு பகுதி உண்டு. பார்த்து நடந்திருக்க வேண்டும் என்பது அவர் பங்குக் கவனக்குறைவு. 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்கு இழப்பீடு குறையும், கோரிக்கையே விழுந்துவிடாது. அதனால்தான் எதிர்த்தரப்புக்கு எழுதும் எதிலும் "என் தப்புதான்" என்று எழுத வேண்டாம் என்கிறேன். உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். எந்தக் காலணி, தரை எப்படி, வெளிச்சம் எப்படி, கையில் என்ன இருந்தது, யார் பக்கத்தில் இருந்தார்.

உடற்காயத்துக்கு வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம். 60,000 வெள்ளி வரை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றம், 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றம். சிறு கோரிக்கை மன்றம் உடற்காயக் கோரிக்கைகளை எடுக்காது, அங்கே போய் அலைய வேண்டாம். "ஜெயித்தால் இத்தனை சதவீதம்" என்று யாராவது பேரம் பேசினால் விலகுங்கள். நீதிமன்ற வழக்குகளில் வழக்கறிஞர்கள் அப்படிக் கட்டணம் வாங்க இங்கே அனுமதி இல்லை. முதலில் சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போங்கள். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது.

---

பாதுகாப்புப்_பணி | வியாழன், காலை 6.40

ஒன்று சேர்க்கிறேன். அதே சரிவில் கேட்டரிங் பையன் பாத்திரத்தோடு விழுந்திருந்தால் அவனுக்கு வேறு வழியும் உண்டு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் (2019) யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையில்லை, விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். ஆனால் அதையும் வாங்கிக்கொண்டு அதே காயத்துக்குச் சிவில் வழக்கும் நடத்த முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் தம்பிகள் பலருக்கு இது தெரியாது. தங்கும் விடுதியில் யாராவது கேட்டால் தயவுசெய்து சொல்லுங்கள்.

கட்டுமானத் தளம், தொழிற்சாலை போன்ற இடங்களில் இடத்துக்குப் பொறுப்பானவருக்கு 2006-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் தனியாகக் கடமை வைக்கிறது. உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, இயந்திரம் எல்லாமே அங்கிருக்கும் எவருக்கும் ஆபத்தில்லாமல் இருக்க வேண்டும். அவர் தன் ஊழியரா, துணைக் குத்தகையாளரின் ஊழியரா என்ற பேச்சுக்கு இடமில்லை. மீறினால் நிறுவனத்துக்கு முதல் முறையிலேயே 500,000 வெள்ளி வரை அபராதம். எனக்குப் பிடித்த சட்டம் இதுதான், அடிபட்ட பிறகு பணம் தருவதோடு நிற்காமல் அடிபடாமல் பார்க்கச் சொல்கிறது.

---

தேக்கா_மளிகை | வியாழன், காலை 8.15

கோப்பு தம்பிக்கு நன்றி, நோட்டு யோசனை நல்ல யோசனை. இன்னும் இரண்டு கேள்வி. கடையைத் துடைப்பதற்கு வெளியாட்களை வைத்திருக்கிறேன், அவர்கள் சரியாகத் துடைக்காவிட்டால்? "ஈரத் தரை" என்ற மஞ்சள் பலகை வைத்தால் போதுமா?

---

கோப்புக்காரன் | வியாழன், பகல் 1.05

சுயமாகத் தொழில் நடத்தும் குத்தகையாளர் செய்த தவறுக்குப் பொதுவாக நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள். 2017-இல் வீட்டை இடிக்கக் குத்தகையாளரை அமர்த்திய உரிமையாளர்கள், பக்கத்து வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் தகுதியான ஆளைக் கவனத்தோடு தேர்ந்தெடுப்பது உங்கள் கடமை. கடை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஈரம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் "துடைப்பது அவர்கள் வேலை" என்று கல்லாவில் உட்கார்ந்திருக்க முடியாது.

பலகை பற்றி: 1963-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபு சொன்ன உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வீட்டுக்குப் போக ஒரே ஒரு பாலம், அதுவும் இற்றுப்போனது. "ஆபத்து" என்று பலகை வைத்தால் போதுமா? வருகிறவருக்கு அதன்மேல் நடப்பதைத் தவிர வேறு வழியில்லை, அதனால் போதாது. பக்கத்தில் பத்திரமான இன்னொரு பாலம் இருந்தால் பலகை போதும். உங்கள் கடையில் அரிசி மூட்டைக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரே ஒரு சந்துதான், அது முழுக்க ஈரம் என்றால் மஞ்சள் பலகை யாரையும் காப்பாற்றாது. துடைக்கத்தான் வேண்டும்.

---

உட்லண்ட்ஸ்_ராதா | வியாழன், இரவு 8.50

இதோடு சேர்ந்த கேள்வி. நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். வாசலில் துளசி, கறிவேப்பிலைத் தொட்டிகள், செருப்பு அலமாரி. சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள் இருட்டில் ஓடி வருகிறார்கள். யாராவது தடுக்கி விழுந்தால் நகர மன்றத்தின் பொறுப்பா, என்னுடையதா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கேட்காமலே வந்து தொட்டிகளோடு விளையாடுகிறார்கள், அவர்களுக்கு அடிபட்டால்?

---

கட்டட_மேலாளர் | வியாழன், இரவு 9.30

நடைபாதை நகர மன்றத்தின் பராமரிப்பில் இருக்கிறது. விளக்கு எரியவில்லை, தரை பெயர்ந்திருக்கிறது என்றால் அவர்களிடம் புகார் செய்யுங்கள், எழுத்தில். ஆனால் தொட்டியை அங்கே வைத்தது நீங்கள் அக்கா. அதில் ஒருவர் தடுக்கினால் கேள்வி உங்களிடமும் வரும். தீப் பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும். ஓர் அளவு நாடா எடுத்து அளந்து பாருங்கள்.

---

கோப்புக்காரன் | வியாழன், இரவு 10.40

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் எப்போதுமே கூடுதல் கவனம் கேட்கிறது. 1922-இல் கிளாஸ்கோ நகரப் பூங்கா ஒன்றில் பார்க்கச் செர்ரி போல இருந்த விஷப் பழத்தைத் தின்று ஏழு வயதுப் பையன் இறந்த வழக்கில், பிள்ளைகளை இழுக்கும் ஆபத்தை எச்சரிக்கையோ வேலியோ இல்லாமல் வைத்திருந்ததற்கு நகராட்சி பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பானது. அனுமதி கேட்காமல் வந்தார்கள் என்ற ஒரே காரணத்தால் கடமை இல்லாமல் போகாது. 2013 தீர்ப்புக்குப் பிறகு அத்துமீறி வந்தவர் விஷயத்திலும், அவர் வருவார் என்று ஊகிக்க முடிந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் தினமும் வருவது உங்களுக்கே தெரிகிறது. விளிம்பு உடைந்த தொட்டி, பூச்சி மருந்து புட்டி, மேலே அடுக்கியவை எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுங்கள். துளசி இருக்கட்டும், கனமான தொட்டியில் தரையோடு, சுவரை ஒட்டி வையுங்கள்.

---

பொங்கோல்_மீனா | வெள்ளி, காலை 11.20

நிர்வாக அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. பதிவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்களாம், அறிக்கை நகலைத் திங்கட்கிழமை தருகிறார்கள். அத்தை படிக்கட்டும் என்று இந்த இழை முழுவதையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு அவர் கேட்டது: "அந்தப் பட்டையை எப்போ ஒட்டுவாங்கன்னு கேளு." அந்தக் கேள்வியையும் சேர்த்து இன்னொரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

---

கட்டட_மேலாளர் | வெள்ளி, பகல் 12.05

நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அதைப் பேசும்படி மைத்துனரை எழுதச் சொல்லுங்கள். அவர் அங்கே வீட்டு உரிமையாளர், நீங்கள் கேட்பதைவிட அவர் கேட்டால் வேகமாக நடக்கும். கைப்பிடியையும் அதே கடிதத்தில் கேட்கட்டும்.